முதுகு காட்டும் அறை

டிரெஸ்டன்
கிழக்கு ஜெர்மனி
8-10-1967

அன்புள்ள அம்மாவுக்கு,

கிரிஜா எழுதுவது. எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? வத்சலா அத்தையையும் கேட்டதாகச் சொல்.

பல்கலைக்கழக விடுதியை விட்டு ஒரு வீட்டின் மாடிக்கு வந்துவிட்டோம். வீட்டுக்கார அம்மாள் பெயர் லேமன். கணவர் போரில் இறந்துவிட்டார், தனியாக இருக்கிறார். அப்பாவுக்குத் தெருப்பக்கத்து அறை. எனக்குச் சமையலறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. கட்டில், மேஜை, அலமாரி நிறையப் புத்தகம்! அலமாரிக்கு மேலே மரத்தால் செய்த ஒரு கிரேக்கக் கோயில் இருக்கிறது. கூரையைத் தனியாகத் தூக்கலாம், தூண்களை ஒவ்வொன்றாகக் கழற்றலாம்.

அது என் அதிர்ஷ்டம். சரித்திர வகுப்பில் நாங்கள் அட்டையில் கிரேக்கக் கோயில் செய்கிறோம். உறுப்புகளின் பெயர் எழுதி ஒட்டும் வேலை என்னுடையது. முதலில் மூன்று படிகள். மேல்படிக்கு ஸ்டைலோபேட் என்று பெயர். தூண்கள் அதன் மேல்தான் நிற்கும். அந்தப் படிகளில் மனிதர் ஏற முடியாது அம்மா, அவ்வளவு உயரம். யாருடைய காலுக்காக அப்படிக் கட்டினார்கள் என்று கேட்டேன். ஆசிரியை சிரித்துவிட்டு, "கோயிலோட அளவுக்குப் படி, உன்னோட அளவுக்கு இல்ல" என்றார். நம் ஊரில் இந்த உறுப்புகளுக்கு என்ன பெயர்? நீ தமிழ் டீச்சர், உனக்குத் தெரிந்திருக்கும்.

அப்பா லேபில் சிமெண்டுத் தூண்களை உடைத்துப் பார்க்கிறார், நான் பள்ளியில் அட்டைத் தூண்களை நிறுத்துகிறேன். "இந்த வீட்டுல ஒருத்தர் வேலையை ஒருத்தர் கெடுக்கிறோம்" என்கிறார்.

நீ எப்போது வருகிறாய்? உனக்கான அழைப்புக் காகிதங்கள் எல்லாம் தயார், நீ சரி என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும் என்று அப்பா சொல்கிறார். எழுது அம்மா.

உன் அன்பு மகள்,
கிரிஜா


அம்பாசமுத்திரம்
2-11-1967

அன்புள்ள கிரிஜாவுக்கு,

அம்மாவின் ஆசிகள். கடிதம் கிடைத்தது. வலி மழைக்குக் கொஞ்சம் கூடும், குறையும். அப்பா வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாரா என்று எழுதவில்லையே.

கோயிலின் அடித்தளத்தை நாம் அதிட்டானம் என்போம். தூணுக்குக் கால் என்றே பெயர். தூணின் தலையில் விட்டத்தைத் தாங்கி நிற்பது போதிகை. சாமி இருக்கும் இடம் கருவறை, அது உனக்கே தெரியும்.

தீபாவளிக்கு உனக்குப் பச்சைப் பட்டுப் பாவாடை தைத்து அனுப்பியிருக்கிறேன். நீ வளர்ந்திருப்பாய், அளவு ஞாபகத்தில் இருந்து வைத்தது.

நான் வருவதைப் பற்றி: அரைப் பரீட்சை வருகிறது. வீட்டையும் பூட்டிப் போட முடியாது. பிறகு பார்க்கலாம்.

உனக்குக் கொடுத்த அறையில் முன்பு யார் இருந்தார்கள்? தனியாக இருக்கிற அம்மாளுக்குக் குழந்தைப் புத்தகங்களும் விளையாட்டுக் கோயிலும் எதற்கு? கேட்டு எழுது.

அம்மா,
நாகலட்சுமி


டிரெஸ்டன்
26-11-1967

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். அப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறார், ஞாயிற்றுக்கிழமை இரண்டு மடங்கு. அன்றைக்குக் குருமூர்த்தி அண்ணன் வருகிறார். தஞ்சாவூர்க்காரர், இங்கே படிக்கிற மாணவர். சாம்பாருக்காக வருகிறார், என்னைப் பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொள்கிறார்.

பாவாடை வந்தது. அழகாக இருக்கிறது அம்மா, ஆனால் எனக்கு மிகவும் சின்னது. முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டது. பத்திரமாக வைத்திருக்கிறேன்.

நீ கேட்டதற்குப் பதில்: அறை ஊர்சுலாவுடையது. லேமன் அம்மாளின் மகள். பதினொரு வயதில், நாற்பத்தைந்தாம் வருடம் பிப்ரவரி பதின்மூன்றாம் தேதி ஊர் மேல் குண்டு போட்டார்களே, அன்றைக்கு இறந்துபோனாளாம். கீழ்வீட்டுக்காரர் சொன்னார். லேமன் அம்மாளிடம் நான் கேட்கவில்லை. அவரே ஒரு தடவை, "ஊர்சுலா இப்போ வெளியில இருக்கா" என்றார். நம் வீடுகளிலும் செத்துப்போனார் என்று வாயால் சொல்ல மாட்டோம் அல்லவா, அதுபோல என்று புரிந்துகொண்டேன்.

கட்டிலுக்கு அடியில் ஒரு மரப்பெட்டி. அதில் அவளுடைய நீல கவுன், துவைத்துத் தேய்த்து மடித்தது. வெள்ளிக்கிழமைதோறும் லேமன் அம்மாள் அறைக்கு வந்து பெட்டியின் மேல் ஒரு ஆப்பிள் வைக்கிறார். சனிக்கிழமை எடுத்துவிடுகிறார். பார்த்ததும் எனக்கு, சிறுவயதில் இறந்த பெண்ணுக்குத் துணி வைத்துக் கும்பிடுகிற நம் பக்கத்துக் கன்னிப் பெட்டிதான் நினைவுக்கு வந்தது.

கதவு நிலையில் அவள் உயரத்தைக் கோடு போட்டு வருடம் எழுதியிருக்கிறார்கள். 1940, 41, 42... ஆனால் கோடு 45-இல் நிற்கவில்லை அம்மா. 46, 47 என்று 52 வரை மேலே போகிறது. யார் நின்று அளந்தார்கள்? குருமூர்த்தி அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "பேய் க்ரோ ஆகுமா என்ன? சும்மா யாரோ பக்கத்து வீட்டுப் பொண்ணா இருக்கும், நீ ஸ்கேல் எடுத்துக் கோயிலை அள" என்றார். ஆனால் அவர் அந்த அறையில் உட்காரவில்லை, சமையலறையிலேயே நின்று சாப்பிட்டார்.

கிரேக்கத் தூண்கள் நடுவில் கொஞ்சம் பருத்து, மேலே உள்பக்கமாகச் சாய்ந்திருக்குமாம். நேராகக் கட்டினால் கண்ணுக்குக் கோணலாகத் தெரியும் என்று அப்படிச் செய்தார்கள்.

உன் வருகை பற்றி எழுது.

அன்புடன்,
கிரிஜா


அம்பாசமுத்திரம்
20-12-1967

கிரிஜாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம்.

அப்பாவிடம் சொல்லி அந்த அறையை விட்டு உடனே வா. தெருப்பக்கத்து அறையிலேயே உனக்கும் ஒரு கட்டில் போடச் சொல். அந்தப் பெண்ணின் துணியைத் தொடாதே. அந்த அம்மாள் அவள் பெயர் சொல்லி உன்னைக் கூப்பிட்டால் 'ஏன்' என்று கேட்காதே. கூப்பிடுகிறாளா? மறைக்காமல் எழுது.

நீ கேட்டுக்கொண்டே இருப்பாய் என்று கோயில் விஷயமும் எழுதுகிறேன். ஆவுடையார்கோயிலில் கொடுங்கை என்கிற வளைந்த கூரை விளிம்பைப் பார்த்திருக்கிறேன். கல்லில் மரச்சட்டம், அதில் ஆணி, எல்லாம் கல்தான்.

அறையை மாற்றியதும் எழுது.

அம்மா


டிரெஸ்டன்
14-1-1968

அன்புள்ள அம்மாவுக்கு,

பொங்கல் வாழ்த்து. அப்பா பால் பொங்கவைத்தார், அடுப்பை அணைத்தது லேமன் அம்மாள். பால் வீணாகிறது என்று ஓடி வந்துவிட்டார்! குளிர் பழகிவிட்டது. நிலக்கரிப் புகையில்தான் அப்பாவுக்கு இருமல், பயப்படும்படி இல்லை.

கோபப்படாதே, நான் அறையை மாற்றவில்லை. மறைக்காமல் எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். லேமன் அம்மாள் என்னை ஊர்சுலா என்று கூப்பிடுகிறார். முதல் தடவை வாய் தவறி. நான் 'ஏன்' என்றேன், உன் கடிதம் அப்போது வந்திருக்கவில்லை. அதன் பிறகு அடிக்கடி. நான் திரும்பிப் பார்க்காவிட்டால் அவர் முகம் விழுந்துவிடுகிறது. கோடுகளுக்குப் பக்கத்தில் என்னை நிற்கவைத்துப் பார்த்தார். 46-க்கும் 47-க்கும் நடுவில் இருக்கிறேன்.

நீ எழுதிய கொடுங்கை போலவே இங்கேயும்! தூண்களுக்கு மேலே விட்டத்தில் மூன்று மூன்று கோடாகச் செதுக்கிய கட்டைகள் வரிசையாக இருக்கும், ட்ரிக்லிஃப் என்று பெயர். முன்காலத்தில் கோயில் மரத்தில் இருந்தபோது உத்தரத்தின் முனைகள் அங்கே தெரிந்தனவாம். கல்லில் கட்டியபோது உத்தரமே இல்லை, ஆனாலும் முனையை மட்டும் செதுக்கினார்கள். கீழே மர ஆணிபோல் கல் ஆணிகள் கூட உண்டு. அவை எதையும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை.

இன்னொரு விஷயம். கருவறைக்குப் பின்னால் ஒரு அறை இருக்கிறது. ஒபிஸ்தோடொமோஸ். முன்பக்க மண்டபம் போலவே அச்சாக இருக்கும், ஆனால் அதிலிருந்து கருவறைக்கு வாசல் கிடையாது. சாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். விலையுயர்ந்த பொருள்களை வைத்துக் கம்பிக் கதவு போடுவார்களாம். படித்ததும் நம் வீட்டுப் பின்னறைதான் நினைவுக்கு வந்தது. அதையும் நீ பூட்டியே வைத்திருக்கிறாய், சாவி உன் இடுப்பில்தான் இருக்கும்.

கேட்கலாமா என்று தெரியவில்லை, கேட்கிறேன். அதில் அம்பிகா அக்காவின் சாமான்கள்தானே? எனக்கு அக்காவைத் தெரியாது, அவள் இறந்தபோது எனக்கு இரண்டு வயது. "ஏழு வயசுல போன பிள்ளைக்கு வருஷம் ஒரு படையல் கிடையாது, ஒரு முழத் துணி கிடையாது. உங்கம்மைக்கு மனசு கல்லு" என்று வத்சலா அத்தை சொல்வாள். இங்கே முன்பின் தெரியாத ஒரு ஊரில் ஒரு அம்மாள் வாராவாரம் மகளுக்குப் படைக்கிறாள். நீ ஏன் அக்காவுக்குச் செய்வதில்லை?

பிப்ரவரி பதின்மூன்று வருகிறது. கன்னிக்குச் செய்வதுபோல நானே ஊர்சுலாவுக்கு முறையாகப் படைக்கப் போகிறேன். லேமன் அம்மாளுக்குச் சந்தோஷமாக இருக்கும். புதுத்துணிக்கு உன் பச்சைப் பாவாடை இருக்கிறது, அவள் அளவுக்குச் சரியாக இருக்கும்.

நீ வருவதற்கு நாள் சொல்லு.

கிரிஜா


டிரெஸ்டன்
18-2-1968

அன்புள்ள அம்மாவுக்கு,

அப்பாவுக்கு இருமல் நின்றுவிட்டது. என் உடம்பும் சரிதான். உன் கடிதம் வரவில்லை.

நான் தப்பு செய்துவிட்டேன் போலிருக்கிறது. எப்படி என்று இன்னும் முழுதாகப் புரியவில்லை, நடந்ததை எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை பள்ளியிலிருந்து வந்ததும் பாலில் அரிசி வேகவைத்துச் சர்க்கரை போட்டேன். பெட்டியின் மேல் பாவாடையை மடித்து வைத்தேன். பூவுக்குக் காகிதப் பூ. நீ கொடுத்தனுப்பிய சூடம் ஒரு துண்டு. லேமன் அம்மாள் கடையிலிருந்து வந்தபோது சூடம் எரிந்துகொண்டிருந்தது. நான் விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"என்ன பண்ற?"

இறந்துபோன பெண்களுக்கு எங்கள் ஊரில் இப்படிச் செய்வோம், அவர்கள் வீட்டுக்குக் காவலாக இருப்பார்கள் என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். அவர் பாவாடையைக் கையில் எடுத்துப் பிரித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கத்தவில்லை அம்மா. கத்தியிருந்தால் பரவாயில்லை. சாதாரணமாக, கடைக்காரரிடம் சொல்வதுபோல் சொன்னார்:

"இது அவளுக்குப் பத்தாது. அவளுக்கு முப்பத்து நாலு வயசு."

சூடத்தைக் கையாலேயே அணைத்தார். என் புத்தகங்களை எடுத்து வெளியே வைத்தார். அறையைப் பூட்டிவிட்டார். மரக்கோயிலும் உள்ளேதான் இருக்கிறது.

இரவானதும் ஊர் முழுவதும் மாதா கோயில் மணி அடித்தது, குண்டு விழுந்த நேரம் என்று வருடாவருடம் அடிப்பார்களாம். லேமன் அம்மாள் தெருக்கதவைத் திறந்துபோட்டு, குளிரில், வாசலில் விளக்குடன் உட்கார்ந்திருந்தார். கூட்டத்தில் ரயில் நிலையத்தில் ஊர்சுலாவின் கை நழுவியதாம். அவளை யாரும் அதன் பிறகு பார்க்கவில்லை, உயிரோடும் பார்க்கவில்லை, உடலாகவும் பார்க்கவில்லை. கீழ்வீட்டுக்காரர் இதை இப்போதுதான் சொல்கிறார்!

ஆப்பிள் படையல் இல்லை அம்மா. பள்ளி விட்டு வந்தால் தின்பதற்கு.

கிரிஜா


டிரெஸ்டன்
24-3-1968

அன்புள்ள அம்மாவுக்கு,

உன்னிடமிருந்து டிசம்பருக்குப் பிறகு ஒரு கடிதமும் இல்லை. உனக்கு உடம்பு சரியில்லையா? அத்தையாவது ஒரு வரி எழுதலாமே.

அப்பாவிடம், அம்மா ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். "எழுதுவா" என்றார். அக்காவைப் பற்றி அம்மாவிடம் கேட்டுவிட்டேன் என்றேன். கையில் இருந்த டம்ளரை மேஜையில் வைத்தார். மேலே சட்டை கூடப் போடாமல் பால்கனிக்குப் போய் நின்றார்.

லேமன் அம்மாள் என்னை எந்தப் பெயராலும் கூப்பிடுவதில்லை. நான் அப்பா அறையில் படுத்துக்கொள்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம்தான் சின்ன அறை. சாயங்காலம் பாடம் படிக்கும்போது அங்கே கட்டில் சத்தம் கேட்கிறது, யாரோ உட்காருவது போல. பூட்டு வெளியே தொங்குகிறது, லேமன் அம்மாள் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கிறார். இரண்டையும் நானே போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன்.

குருமூர்த்தி அண்ணனிடம் சொன்னேன். கேலி செய்வார் என்று நினைத்தேன். "வேற வீடு பாக்கச் சொல்லட்டுமா உங்கப்பாகிட்ட? சீரியஸா கேக்கறேன்" என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். இப்படியே விட்டுவிட்டுப் போனால் நான் அந்த அம்மாளுக்குச் செய்தது அப்படியே நின்றுவிடும்.

எழுது அம்மா. திட்டியாவது எழுது.

கிரிஜா


அம்பாசமுத்திரம்
10-4-1968

அன்புள்ள கிரிஜாவுக்கு,

உன் மூன்று கடிதங்களும் என்னிடம் இருக்கின்றன. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீ ஒரு தப்பும் செய்யவில்லை. கேள்வி கேட்டாய், பதில் சொல்ல எனக்கு இத்தனை நாள் ஆயிற்று.

அம்பிகாவுக்குத் தொண்டை அடைப்பான் வந்தது. பாளையங்கோட்டைக்கு உன் அப்பா தூக்கிக்கொண்டு போனார். நீ இரண்டு வயதுக் குழந்தை, உனக்குத் தொற்றிக்கொள்ளும் என்று என்னை வர வேண்டாம் என்றார். நான் உன்னை வைத்துக்கொண்டு வீட்டில் இருந்தேன். மறுநாள் சாயங்காலம் அவர் தனியாக வந்தார். அங்கேயே அடக்கம் செய்துவிட்டு வந்திருந்தார். தொற்றுநோய், அப்படித்தான் செய்ய வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். அவர் மேல் தப்பு இல்லை. ஆனால் நான் பார்க்கவில்லை, கிரிஜா. தலைவாரிப் பின்னி அனுப்பினேன். அதுதான் நான் பார்த்தது.

உன் அத்தை படையல் வை, வை என்று வருடந்தோறும் சொல்கிறாள். வைத்துவிட்டால் அம்பிகா தெய்வமாகிவிடுவாள். தெய்வத்தைக் கும்பிடலாம், பள்ளிக்கூடத்துக்கு நேரமாயிற்று என்று அதட்ட முடியுமா? பின்னறையை நான் தினமும் பெருக்குகிறேன். பூட்டிவிட்டு உங்களோடு வந்துவிட்டால் அவள் வந்து பார்க்கும்போது வீட்டில் யாரும் இருக்க மாட்டார்களே என்று நினைப்பேன். படித்தவள், டீச்சர், இப்படி நினைக்கிறேன். உன் அப்பாவிடம் கூட இதைச் சொன்னதில்லை. வீட்டைப் பூட்ட முடியாது, பரீட்சை வருகிறது என்றுதான் சொன்னேன்.

அந்த அறையை விட்டு வா என்று உனக்கு எழுதினேனே, அந்த அம்மாளைக் கண்டு பயந்து எழுதவில்லை, அவளிடம் என்னைக் கண்டு பயந்துதான் எழுதினேன்.

என்னைப் பற்றி அவளிடம் சொல். நானும் பார்க்கவில்லை என்று சொல். என் மகள் அறியாமல் செய்ததற்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன் என்றும் சொல்.

இந்தக் கடிதத்தை அப்பாவிடம் படிக்கக் கொடு.

அம்மா


டிரெஸ்டன்
5-5-1968

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே வெயில் வந்துவிட்டது, நாங்கள் சுகம். உன் கடிதத்தை அப்பா படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "நான் உங்கம்மாவுக்குச் சொல்லிட்டு அடக்கம் பண்ணியிருக்கணும்" என்றார். பிறகு, "கூட்டிட்டுப் போயிருக்கணும்" என்றார். இன்னும் திருப்பித் தரவில்லை.

லேமன் அம்மாளிடம் நான் சொன்னேன். அவர் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். நான் ஒவ்வொரு வாக்கியமாக ஜெர்மனில் சொல்லச் சொல்லக் கத்தி நின்று நின்று ஓடியது. தலைவாரி அனுப்பியதைச் சொன்னதும் கத்தியைக் கீழே வைத்தார்.

"வயசு என்ன?"

"ஏழு" என்றேன்.

"அது அப்போ. இப்போ?"

எனக்குக் கணக்குப் போடவேண்டியிருந்தது. "இந்த ஆனியில் பதினெட்டு" என்றேன்.

"பதினெட்டு" என்று தலையாட்டினார். "அதுக்கு மேல பொண்ணுங்க வளர மாட்டாங்க. நானும் அதோட கோடு போடறதை நிறுத்திட்டேன்."

பிறகு ஏப்ரன் பையிலிருந்து சாவியை எடுத்து அறையைத் திறந்தார். கட்டிலில் விரிப்பு கசங்கியிருந்தது அம்மா. யாரோ உட்கார்ந்து எழுந்ததுபோல. நான் அவரைப் பார்த்தேன். அவர் சாதாரணமாகத் தட்டிச் சரிசெய்துவிட்டு, மரக்கோயிலை இறக்கி என் கையில் கொடுத்தார். "பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போ, கிரிஜா" என்றார். என் பெயரை அவர் சொல்லக் கேட்டு மூன்று மாதம் ஆகிறது.

எங்கள் அட்டைக் கோயில் முடிந்தது. மரக்கோயிலைப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். பின்னறைக்கு ஏன் வாசல் இல்லை என்று ஒரு பையன் கேட்டான். முன்பக்கம் ஒரு மண்டபம் இருப்பதால் பின்பக்கமும் ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் கோயில் ஒருபக்கமாகத் தெரியும் என்று புத்தகத்தில் இருப்பதைச் சொன்னேன்.

உன்னை வா என்று இந்தத் தடவை நான் கேட்கவில்லை. லேமன் அம்மாள்தான் கேட்கச் சொன்னார்.

கிரிஜா


அம்பாசமுத்திரம்
27-7-1968

அன்புள்ள கிரிஜாவுக்கும் உன் அப்பாவுக்கும்,

இங்கே சாரல் நன்றாக இருக்கிறது. முழங்கால் வலியோடு பாஸ்போர்ட்டுக்காக அலைந்ததில் எழுதத் தாமதமாயிற்று. வந்துவிட்டது. செப்டம்பரில் புறப்படுகிறேன். குளிருக்கு என்ன எடுத்து வரவேண்டும் என்று உன் அப்பா எழுதட்டும். பின்னறைச் சாவியை வத்சலாவிடம் கொடுத்துவிட்டேன், தினமும் பெருக்குவதாகச் சொல்லியிருக்கிறாள்.

நேற்று ஆடி வெள்ளி. அம்பிகாவுக்குப் படையல் வைத்தேன். பால் கொழுக்கட்டை, வாழைப்பழம், பூ. வத்சலாதான் சொல்லச் சொல்லச் செய்தேன், எனக்கு முறை தெரியவில்லை. துணியைப் பெட்டியில் வைத்துக் கதவைச் சாத்தினோம். இன்று காலையில் திறந்தால் மடிப்புக் கலைந்து ஒரு பக்கம் சரிந்திருந்தது. "எலியா இருக்கும் மைனி" என்றாள் வத்சலா, அவள்தான் இத்தனை வருடமாக என்னைக் கட்டாயப்படுத்தியவள். நான் திரும்ப மடித்து வைத்தேன்.

அவளிடம் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்கிறேன். துணி வாங்கக் கடைக்கு நான் தனியாகப் போயிருந்தேன். கன்னிக்கு என்றால் சின்னப் பாவாடை சட்டைதான் வாங்குவார்கள். கடைக்காரர் பாஸ்கரன் என்னிடம் படித்தவன். "பிள்ளைக்கு என்ன வயசு டீச்சர், அளவு சொல்லுங்க" என்றான். எதிரில் சிவப்புச் சின்னப் பாவாடைகளை அடுக்கிவிட்டான். ஏழு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

பதினெட்டு என்றேன்.

அவன் பாவாடைகளை எல்லாம் ஒதுக்கிவிட்டு, உள்ளே போய்ச் சேலைகளைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தான்.

"மொதச் சேலையா டீச்சர்?" என்று கேட்டான்.

ஆமாம் என்றேன்.

உங்கள்,
நாகலட்சுமி